துல்லியோ மாற்றிய பாஸ்வேர்ட்

ஃபெராரா, இத்தாலி, ஞாயிறு காலை

அன்புள்ள ஆங்கெலுக்கு வியோரிக்கா எழுதுவது. நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நம் குட்டி மகள் இலியானாவின் இருமல் நின்றதா?

பத்து நாளாக நான் கூப்பிடாததற்குக் காரணம் உடம்பு அல்ல, பயப்படாதீர்கள். நான் பார்த்துக்கொள்ளும் எர்சிலியா அம்மாவின் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது. இனி அதிலேயே உங்களோடு பேசலாம் என்று ஃபோன் கார்டு வாங்காமல் விட்டேன். அவர் மகன் துல்லியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலிலிருந்து மாடிவரை கேபிள் இழுத்து, ரவுட்டரை மாட்டி, மூன்று கம்ப்யூட்டர்களையும் இணைத்தவள் நான்தான். மறுநாளே அந்த ஆள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்.

"அம்மாவப் பார்த்துக்கத்தானே வந்திருக்க? உனக்கெதுக்கு இன்டர்நெட்?" என்றார்.

இலியானாவின் குரல் கேட்காமல் பத்து நாள் பொறுத்தேன். நேற்று அதற்கு மேல் முடியவில்லை. ரவுட்டரின் பின்னாலிருந்த பொத்தானை ஊசியால் அழுத்தி, அவர் வைத்த பாஸ்வேர்டோடு எல்லாவற்றையும் அழித்தேன். நானே புது பாஸ்வேர்ட் வைத்தேன்.

துல்லியோ கத்திக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தார். "இப்பவே வெளிய போ!"

"போறேன். இனிமே உங்கம்மாவ நீங்களே குளிப்பாட்டுங்க" என்றேன்.

"ஐயையோ, இவனா?" என்று எர்சிலியா அம்மா கட்டிலிலிருந்து அலறினார். "அவகிட்ட மன்னிப்புக் கேளுடா, தடியா!"

துல்லியோ சுவரைப் பார்த்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

ஃபோனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் நம் ஊர் வேன் இங்கே திரும்பும்போது கம்பளிக் காலுறை கொடுத்தனுப்புங்கள். இலியானா போட்டுக் கழற்றிய ஸ்வெட்டர் ஒன்றும் வேண்டும். துவைக்காதீர்கள்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

உங்கள் வியோரிக்கா