கண்ணாடி இல்லாமல் தெரிந்த மலை

தேவிப்பிரியா,

அரக்கோணம் ரயிலுக்குக் கிளம்புகிறேன். பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், கண்ணைச் சுருக்காமல் படி. பத்து மணிக்குச் சொட்டு மருந்து. கண்ணைத் தேய்க்காதே. அத்தை மலைக்கோயில் விபூதியோடு வந்தால், நெற்றியில் பூச வேண்டாம் என்று சொல். தூள் கண்ணில் விழும்.

நேற்று லேசர் செய்யும் முன், அது கருவிழியைச் செதுக்கி வெளிச்சத்தைச் சரியாக விழித்திரையில் விழவைக்கும் என்று டாக்டர் விளக்கியும், கண்ணாடியே போதும் என்று உன்னோடு சண்டை போட்டேன்.

இன்னொன்று. காலையில் வாசலில் நின்று, "நைனா, மலை தெரியுது" என்றாய். ஒன்றாம் வகுப்பில், மலையைக் கும்பிடச் சொன்னால் உயரமான தண்ணீர்த் தொட்டியைக் கும்பிடுவாய். விளையாடுகிறாய் என்று அடித்தேன். "மலை எங்க கீது நைனா" என்று கேட்டாய். அதற்கும் அடித்தேன்.

உனக்குக் கண்ணாடி போட்ட அன்றே எனக்குப் புரிந்தது. இன்றுவரை சொல்லவில்லை.

நைனா