லேப்டாப் கேட்ட அனுமதி

எட்வின்,

நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. மீன் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். தண்ணீர் கேன் வரும், காலிக் கேனை வெளியே வையுங்கள்.

நேற்று என் லேப்டாப்பில் நீங்கள் போட்ட செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கேமரா, மைக், நான் இருக்கும் இடம் என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. வைரஸைப் பிடிக்க இதெல்லாம் எதற்கு என்றேன். "அலோ குடு ஷீபா, ஏன் பயப்படுற?" என்றீர்கள். நீங்கள் தேடுவது வைரஸை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

எல்லாவற்றுக்கும் அலோ கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமைகளில் நான் ஏன் லேட்டாக வருகிறேன் என்று இன்று சாயங்காலம் உங்கள் போனே சொல்லிவிடும்; இன்றும் வியாழன், லேப்டாப் என் பையில்தான் இருக்கும். கூடுவாஞ்சேரி கல்லறைத் தோட்டம் என்று காட்டும். நம் பாப்பா இறந்ததைப் பற்றி இனி இந்த வீட்டில் பேசக்கூடாது என்றீர்கள். அதனால் அவளிடமே போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஷீபா

பி.கு.: கிளம்பும்போது சாவியை எதிர்வீட்டு சரசு அக்காவிடம் கொடுங்கள்.

மைக்கும் ஆனில்தான் இருக்கும். அதில் கேட்காதீர்கள், நேரில் வாருங்கள். அவள் தலைமாட்டில் நான் வைத்த ரோஜாச் செடி வாடுகிறது. ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவாருங்கள்.