அகற்றியவை: பதினொன்று

என் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னோடு அறையில் தங்கியிருப்பவர்களுக்கும் வேண்டாம். இதோடு வருகிற சீட்டுகளையும் அட்டையையும் மட்டும் காட்ட வேண்டிய இடத்தில் காட்டு. கடிதத்தைப் படித்து முடித்ததும் தண்ணீரில் நனைத்துவிடு. கிழித்தால் ஒட்டிவிடலாம், கரைந்த மை திரும்பாது என்று அப்பாதான் ஒருமுறை சொன்னார். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் சுகமாக இருக்கிறேன். நீ போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. ஏன் போனாய் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. மணி ஒன்று. பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, கைவிளக்கைத் துணியால் மூடிக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

இது இப்போது என் அறை இல்லை, நிகழ்ச்சிப் புத்தகங்களின் அறை. உன் அலமாரி போய்விட்டது. அந்த இடத்தில் தரையிலிருந்து கூரை வரை சாம்பல் நிற அட்டைப்பெட்டிகள். நடனத்துக்கும் நாடகத்துக்கும் அரங்க வாசலில் கையில் கொடுப்பார்களே, அந்த நான்கு பக்க, எட்டுப் பக்கப் புத்தகங்கள், நாற்பது வருடத்தவை. வெயில் பட்டால் காகிதம் பழுக்கும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று அப்பா ஜன்னலைச் சுற்றி நாடா ஒட்டிவிட்டார். எனக்கு இருமல் வந்தபோது, "இருமுறதா இருந்தா வெளியில போய் இருமிட்டு வா, தாள்ல தெறிக்கும்" என்றார். பூச்சி உருண்டையின் நாற்றம் என் தலைமுடியில் ஏறிவிட்டது. எத்தனை முறை குளித்தாலும் போகவில்லை. பக்கத்தில் உட்காருகிறவள் என்னை 'அலமாரி' என்று கூப்பிட ஆரம்பித்தாள். இப்போது வகுப்பு முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

அவர் அந்தத் தாள்களைத் தொடுவதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பிறந்த பிள்ளையைக் கிடத்துவதுபோல் ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் கிடத்துகிறார். "வா ராசா, இடுப்பு மடங்கிப் போச்சா" என்று அதனோடு பேசுகிறார். துருப்பிடித்த பின்னைக் கழற்றும்போது அவர் கண் கலங்குகிறது. என் காலில் ஆணி குத்திய அன்று, "அப்படியே நில்லு, ரத்தத்தோட உள்ள வந்துடாத" என்றுதான் சொன்னார். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா, "உங்கப்பா கல்யாணத்தன்னிக்கே கையுறை போட்டுக்கிட்டுதான் உங்கம்மா கையைப் பிடிச்சிருப்பாரு" என்பார். முன்பெல்லாம் அதற்குச் சிரிப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை அரங்கத்தில் அப்பா சேர்த்தவற்றுக்கென்று தனி அறை திறக்கிறார்கள். இத்தனை வருடம் அங்கே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், இனிமேல் அந்த அறைக்குப் பொறுப்பாளர். திறந்து வைப்பவர் மேடம். யாருடைய குழுவில் நீ பின்வரிசையில் ஆடினாயோ, அதே மேடம். வாசலில் மாட்டப்போகும் பலகை இரண்டு வாரமாக நம் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. 'ஒரு நாளும் மேடை தவறாத பாதங்கள்' என்று எழுதியிருக்கிறது. முப்பது வருடத்தில் அவர் ஆடாமல் இருந்த நாளே கிடையாதாம்.

பதினொரு நாள் ஆடவில்லை. அது உனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், கணுக்கால் வீங்கிக் கிடந்த மேடத்துக்கும் தெரியும். அந்தப் பதினொரு நாளும் அவருடைய பாத்திரத்தை நீ ஆடினாய். புத்தகம் முன்பே அச்சாகிவிட்டதால், அரங்க வழக்கப்படி விரல் நீளத்தில் ஒரு துண்டுச் சீட்டு தினமும் தேதி போட்டு அச்சடித்து, பட்டியலில் இருந்த அவர் பெயர் மேல் ஒட்டினார்கள். 'இன்று இந்தப் பாத்திரத்தை ஏற்பவர்', அதன் பிறகு உன் பெயர். நீ ஆடியதற்கு வேறெங்கும் சாட்சி இல்லை. வாசலில் உட்கார்ந்து அவற்றை ஒட்டியவர் அப்பா. "பசை காயறதுக்குள்ள உங்கம்மா பேரை தினம் நானூறு தடவை படிச்சேன், அப்புறம் வேற பேரே எனக்குப் புடிக்கல" என்று நான் சிறியவளாக இருந்தபோது சொல்லியிருக்கிறார். நாளுக்கு ஒன்று என்று பதினொரு புத்தகங்களை எடுத்து வைத்ததும் அவர்தான்.

போன மாதம் மேடம் வீட்டுக்கு வந்தார். அப்பா அந்தப் பெட்டியையும் திறந்து காட்டினார். மேடம் ஒரு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, "என்னங்க இது, என் மேல பிளாஸ்திரி போட்ட மாதிரி இருக்கு" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பேச்சு அவ்வளவுதான். மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்ததும், "கை கழுவிட்டு வா, உன் விரல்தான் சின்னது" என்று கூப்பிட்டார்.

அம்மா, அந்தச் சீட்டுகளைப் பிரித்தது நான்.

குச்சியில் பஞ்சைச் சுற்றி வாயில் வைத்து நனைத்து, சீட்டின் ஓரத்தில் தடவ வேண்டும். பழைய பசைக்கு வெந்நீரைவிட எச்சில்தான் நல்லதாம், காகிதம் நோகாதாம். "நான் சிகரெட் குடிக்கிறவன், என் எச்சில் பட்டா கறை விழும். உன்னுது சுத்தம்" என்றார். ஒவ்வொன்றாகப் பதினொன்று, ஒன்பது நாள். புளித்த பசையின் ருசி என் பல்லிடுக்கில் இருந்தது. சாப்பிட்டது எல்லாம் அந்த ருசியாகவே இருந்தது. அவர் பின்னால் நின்று என் தோள் மேல் மூச்சு விட்டபடி, "மெதுவா, மெதுவா, கிழிச்சிடாத" என்று கொஞ்சிக்கொண்டே இருந்தார். உன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு, அதைக் கிழிக்கவும் கூடாதாம். இதையெல்லாம் குப்பையில் போடப்போகிறீர்களா என்று கேட்டேன். "அச்சான தாளைக் குப்பையில போட நான் என்ன காட்டுமிராண்டியா" என்று கோபித்துக்கொண்டார்.

எடுத்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. சீட்டு மறைத்திருந்த இடம் மட்டும் பழுக்காமல் வெள்ளையாக இருந்தது. பதினொரு புத்தகத்திலும் மேடத்தின் பெயரைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம். நீ அங்கேயே நிற்கிற மாதிரி இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார். பிறகு தேயிலைத் தண்ணீர் போட்டு வந்தார். பென்சில் புள்ளி வைத்தாலே ஒரு வாரம் பேசமாட்டாரே, அவரே தூரிகையை என் கையில் கொடுத்து அந்தக் கட்டங்களில் தேநீர் பூசச் சொன்னார். அன்று கொல்லைக் குழாயடியில் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து மிச்சத்தையும் பூசினேன். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரைவிட என்னை நினைத்தால்தான் அதிகம் அருவருப்பாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு உன் கடிதம் வந்தது. அந்த ஊர் நடனப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைக்க, முதன்மைப் பாத்திரம் ஆடியதற்கு அச்சில் சான்று கேட்கிறார்கள், அடுத்த மாதக் கடைசிக்குள் ஒரு சீட்டாவது அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். உனக்குத் தன் கையெழுத்து போகக்கூடாதென்று என்னை எழுதச் சொன்னார். 'அப்படிப்பட்ட சீட்டு எதுவும் என் சேகரிப்பில் இல்லை' என்ற பதிலை எழுதியது நான்தான். நீ என் எழுத்தைக் கண்டுபிடித்திருப்பாய். உன் கடிதத்தின் கடைசி வரியில், என்னைப் பற்றி, அவள் இப்போது எவ்வளவு உயரம் என்று கேட்டிருந்தாய். அதற்கும் பதில் எழுதட்டுமா என்றேன். "கேட்ட விஷயத்துக்குப் பதில் போட்டாச்சு, கையெழுத்துப் போடாம மடி" என்றார்.

இன்று சாயங்காலம் அவர் அரங்கத்துக்குப் போயிருந்தபோது முன்னறை இழுப்பறையைத் திறந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. எதையும் பெயர் எழுதாமல் வைக்க அவருக்கு வராது. உறையின் மேல் அவருடைய அழகான எழுத்தில் 'அகற்றியவை: பதினொன்று' என்று இருந்தது. உள்ளே உன் சீட்டுகள் தேதி வரிசையில், ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய தாள் வைத்து. கூடவே ஒரு அட்டை. எந்த நாள் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் ஒட்டியிருந்தது என்று பதினொன்றுக்கும் எழுதி, அடியில் தன் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அதுதான் உனக்கு வேண்டிய சான்று. அட்டையின் கடைசி வரியையும் நீ பார்ப்பாய். 'முறை: உமிழ்நீர். கை: மகள்.' அதை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழித்தால் அட்டை செல்லாமல் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

தையல்கார அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பதினொரு நாளும் மேடத்தின் உடையை உன் இடுப்புக்குப் பிடித்துத் தைத்தவர் அவர்தானாம். "அவ ஆடினதை இந்த ஊசி பார்த்துச்சு, ஆனா ஊசி சொன்னா எவன் கேப்பான்" என்றார். பள்ளிப் பாவாடையின் மடிப்பை இறக்க வேண்டும் என்று காலையில் அப்பா முன்னாலேயே அவரிடம் கொடுக்கப்போகிறேன். சீட்டுகளையும் அட்டையையும் மடிப்புக்குள் வைத்துத் தைத்தாகிவிட்டது. இந்தக் கடிதத்துக்கு மட்டும் நாலு விரல் அகலம் திறந்து விட்டிருக்கிறேன். அக்கா பிரித்து எடுத்து உனக்கு அனுப்புவார்.

உறையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அது தட்டையாகத் தெரியக்கூடாதென்று என் பழைய நோட்டிலிருந்து அதே அளவில் பதினொரு துண்டு வெட்டிப் போட்டேன். நாளை மாலை அரங்கத்து ஆட்கள் பெட்டிகளை எடுத்துப்போக வருகிறார்கள், அதற்குள் எல்லாவற்றையும் அவர் ஒருமுறை சரிபார்ப்பார். அவருக்கு உறையைத் திறக்கக்கூட வேண்டியதில்லை அம்மா. காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தே எந்தத் தாள், எத்தனை வருடத்துத் தாள் என்று சொல்லிவிடுவார். உனக்குத் தெரியுமே. நோட்டுத் தாள் வேறு மாதிரி சத்தம் போடும் என்பது வெட்டி வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

முன்னறையில் விளக்கு எரிகிறது. இவ்வளவு நேரம் எரியவில்லை. இழுப்பறை திறந்தது.

இப்போது தாள் படபடக்கிற சத்தம் கேட்கிறது. நிறுத்தினார். மறுபடியும் அதே சத்தம்.

சீக்கிரமாக எழுதிவிடுகிறேன். நீ கேட்டது நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். ஆனால் மடங்கிப் படுத்தால் அவ்வளவு இடம் வேண்டியிருக்காது. எனக்கென்று அலமாரி வேண்டாம், இரண்டு பாவாடைதான். ஜன்னல் திறக்கிற இடமாக இருந்தால் போதும். இருமல் நின்றுவிடும். உனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். கிடைத்ததும் ஒரே ஒரு

கதவைத் தட்டுகிறார். மெதுவாகத்தான் தட்டுகிறார், பெட்டிகள் அதிரக்கூடாதென்று. அம்மா, நான் இதை மடிப்புக்குள்