மேடைக்கு வராத அக்கா

தூத்துக்குடி, 1946

என் ஐயா தம்பிக்கு,

நேற்று உன் கதையை நாடகமாகப் போட்டார்கள். கைக்குழந்தையான உன் மருமகனோடு போய்ப் பார்த்தேன். துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் நீ செய்யாத திருட்டுக்குப் பதினாறு வயதில் ஜெயிலுக்குப் போனது, மூன்று வருஷம் கழித்து நிஜத் திருடன் அகப்பட்டது, எல்லாம் வந்தது.

கோர்ட்டு வராந்தாவில் திருட்டை நீ ஒத்துக்கொண்டதாக எழுதியிருந்த அந்த இங்கிலீஷ் வாக்குமூலத்தை அவசரத்தில் பாதி மட்டும் வாசித்துவிட்டு, "கையெழுத்துப் போடுலே, விட்டிருவாங்க" என்ற காலேஜ் அக்கா மட்டும் வரவே இல்லை.

நாடகக் கம்பெனி அண்ணாச்சியிடம் கேட்டேன். "கூட யாருமே வரலைன்னு உங்க தம்பிதானம்மா சொன்னான்" என்றார்.

உனக்கு எப்படி நன்றி சொல்லுவேன், ஐயா? ஊர் முன்னால் என்னைக் காப்பாற்றிவிட்டாய். ஆனால் உன் மருமகனுக்குப் பேர் எழுதச் சொல்லிக்கொடுக்கிற அன்றைக்கே மேடையில் வராத அந்தக் காட்சியை நானே அவனிடம் சொல்லிவிடுவேன். நீயும் பக்கத்தில் இரு.

இதை முழுசாக வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற,
உன் அக்கா