ஊர் என்ற பத்தி

எனுகு, உடோ லைன்
4 மார்ச் 2004

அன்புள்ள அனயோ,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நீ தயாரித்த மறுகுடியேற்றத் திட்டம் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. "இங்கு வசிப்போர் அனைவருக்கும் சொந்த ஊர் உண்டு, மாற்று வீடு தேவையில்லை." புதிய குடியிருப்பில் எங்களில் ஒருவருக்கும் இடமில்லை.

வெள்ளைக்காரன் நிலக்கரிச் சுரங்கத்துக்காக இந்த வீட்டு வரிசைகளைப் போட்டபோது கல்லறைக்குக்கூட இடம் விடவில்லை. வேலை முடிந்தால் தொழிலாளிகள் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள், செத்தால் தூக்கிப்போவார்கள் என்று நினைத்தான். அவனுக்கு நம்மைத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ பதினோராம் வரிசையில் பிறந்தவன்.

உங்கள் அலுவலகத்திலிருந்து கணக்கெடுக்க வந்த பெண், படிவத்தில் ஊர் என்ற பத்திக்கு வந்ததும் "உங்க ஊர் எது?" என்றாள். எபெரேயின் அம்மா மார்தட்டிச் சொன்னாள்: "அச்சி! எங்க வீட்டுக்கு வா, கள்ளு ஊத்தித் தர்றேன்." அச்சியில் உள்ள அந்த வீட்டுக்கு இன்றுவரை கூரை இல்லை. முடிவெட்டும் இகேம் மட்டும், "இங்கதான் பொறந்தேன், உடோ லைன்னே போட்டுக்க" என்றான். தெருவே சிரித்தது. "ஏன்டா, உங்கப்பனுக்கு ஊரே கெடையாதா? கரிக்குள்ளேருந்து மொளைச்சியா?" அவன் கூனிக்குறுகி, பார்த்தேயிராத ஓர் ஊரின் பெயரைச் சொன்னான்.

இப்படித்தான் சொல்வோம் என்று தெரிந்துதானே அப்படிக் கேட்கச் சொன்னாய்?

பழைய அண்டை வீட்டான்,
ஒக்வுடிலி

நகரத் திட்ட அலுவலகம்
19 மார்ச் 2004

பிரியமுள்ள ஒக்வுடிலி,

நலம்தானே? அம்மா உன்னை விசாரித்தார். உன் கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொன்னதைத்தான் எழுதினோம், ஒரு சொல்லும் கூட்டவில்லை. உனக்கே சொந்த ஊரான அவ்குவில் அப்பாவின் நிலம் இருக்கிறதே. எத்தனை பேருக்கு அந்தக் கொடுப்பினை! ஆட்சேபம் இருந்தால் பெயரும் சொந்த ஊரும் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பு. கையெழுத்தில்லாதவற்றைப் படிக்கக்கூட மாட்டார்கள்.

என்றும் உன்,
அனயோ

எனுகு, உடோ லைன்
2 ஏப்ரல் 2004

அனயோ,

நீ சொன்ன நிலத்தைப் பார்க்க அவ்குவுக்குப் போனேன். சித்தப்பா மகன் அதில் வீடு கட்டியிருக்கிறான். சண்டை போடவில்லை, மரியாதைதான் செய்தான். "நகரத்து அண்ணன் வந்திருக்காரு, நல்ல நாற்காலியா போடுங்கடா!" கோலாக் கொட்டை வைத்து வாழ்த்தினான். புறப்படும்போது ஒன்றை எடுத்து என் சட்டைப்பையில் போட்டான். "ஊருக்குப் போனதும் வீட்டுல காட்டுங்கண்ணே."

வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு கொட்டையை யாருக்குக் கொடுப்போம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளிக்கு. என் அப்பாவைப் புதைத்த மண்ணில் நின்று அதை வாங்கிக்கொண்டேன்.

காட்டுவதற்கு இங்கே வந்தேன். எங்கள் வரிசைச் சுவர்களில் இடிப்பதற்காகச் சிவப்பு மையால் குறி போட்டிருந்தார்கள். எபெரேயின் அம்மா ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "போகவே மாட்டேங்குதே தம்பி" என்றாள். கொட்டையை அவள் கையில் கொடுத்தேன். வேறு யாரிடம் காட்டுவது?

ஆட்சேபம் எழுதத்தான் உட்கார்ந்தேன். கையெழுத்துக்குக் கீழே ஊர் எழுத வேண்டும். அவ்கு என்று எழுதினால் உன் திட்டம் சரியென்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். உடோ லைன் என்று எழுதினால், அப்படி ஓர் ஊர் உங்கள் கணக்கில் இல்லை.

கையெழுத்தில்லாவிட்டால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். தெரியும். இந்தக் கடிதம்தான் என் ஆட்சேபம். கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.