அம்மாவைக் கேள், அப்பாவைக் கேள்

பெப்ரவரி 10, திங்கள்

மின்சுற்றுச் சிமுலேற்றரில் மறுபடியும் சிவப்பு. நோர் கேற் என்ற இரண்டு தர்க்கவாயில்கள். இதன் விடை அதற்குள் போகிறது, அதன் விடை இதற்குள் வருகிறது. ஒரு விடயத்தை ஞாபகம் வைத்திருக்கும் சுற்று இதுதான் என்கிறார் எங்கள் ஆசிரியை எமிலியானா. ஞாபகமாவது மண்ணாங்கட்டியாவது! திறந்தவுடனேயே வயரெல்லாம் சிவந்து 'பிழை' என்கிறது.

வேறு ஊரான கத்தானியாவில் கணினிச் சில்லு செய்யும் கம்பனியில், அங்கேயே தங்கி மூன்று கிழமைப் பயிற்சி. எங்கள் வகுப்பில் இருவரைத் தெரிவு செய்திருக்கிறார்கள், ஒருத்தி நான். எனக்குப் பதினேழு வயது என்பதால் அப்பா, அம்மா இருவரும் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். மாத முடிவுக்குள்.

அப்பாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "அம்மாவைக் கேள்" என்றார்.

பெப்ரவரி 13, வியாழன்

ஊரின் மறுபக்கம் லிபெர்த்தாவில் ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டில் தங்கி அம்மா அந்த மூதாட்டியைப் பராமரிக்கிறார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஒரேத்தோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்ற முன்பே கேட்டேன்.

"அப்பா என்ன சொன்னவர்?"

"உங்களைக் கேக்கட்டாம்."

"நான் என்னத்தைச் சொல்லுறது பிள்ளை? அப்பாவைக் கேள்."

பெப்ரவரி 16, ஞாயிறு

இருவரும் ஒரே மேசையில். கேட்டேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். பிறகு, மீன் நல்ல மீன் என்று கதைத்தார்கள்.

பெப்ரவரி 17, திங்கள்

கூடப்பிறந்த தனேஸ் அண்ணா மிலானோவுக்குப் பந்தடிக்கப் போனபோது யாரைக் கேட்டான்? "போறன்" என்றான், போனான். அம்மா றோல்ஸ் வேறு பொரித்துக் கட்டிக் கொடுத்தார். நான் என்ன, ஓடிப்போகவா கேட்கிறேன்? ஒருத்தரும் 'இல்லை' என்றுகூடச் சொல்லவில்லை — அதுதான் வயிற்றெரிச்சல். சொன்னாலாவது சண்டை பிடிக்கலாம். ஆளை ஆள் கைகாட்டுகிறவர்களோடு என்னெண்டு சண்டை பிடிக்கிறது?

பெப்ரவரி 21, வெள்ளி

எமிலியானா என் திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன, கேசிகா. இப்படியே விட்டால் சிவப்புத்தான். ஏதாவது ஒன்றுக்கு வெளியிலிருந்து ஒருதரம் சைகை கொடு."

ஒரு பக்கத்து உள்ளீட்டை அழுத்தினேன். சிவப்புப் போய்விட்டது. விட்டேன், மாறவில்லை, அப்படியே நின்றது. எனக்கு எங்கள் சாப்பாட்டு மேசைதான் ஞாபகம் வந்தது.

பெப்ரவரி 24, திங்கள்

அப்பாவிடம் சொன்னேன்: "அம்மா ஓம் எண்டிட்டா."

பச்சைப் பொய்.

"அவ ஓம் எண்டா எனக்கென்ன? கொண்டா."

கையெழுத்து வைத்துவிட்டார். இவ்வளவுதானா? இதற்கா இரண்டு கிழமை? எனக்கு இன்னும் கோபம் வந்தது.

பெப்ரவரி 27, வியாழன்

அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அம்மாவும் பேனையை எடுத்தார். அப்போது பார்த்து, குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அப்பா அங்கிருந்து கேட்டார்: "என்னெண்டு அம்பிகை நீர் உடனை ஓம் எண்டனீர்? உமக்குப் பயமில்லையோ?"

செத்தேன்.

அம்மா என்னைப் பார்த்தார். "பயம்தான். எண்டாலும் ஓம் எண்டனான்" என்று அப்பாவுக்குச் சொன்னார். கையெழுத்து வைத்தார். பிறகு என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"பொய் சொல்லுற அளவுக்கு வந்திட்டியோ?"

எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களைக் கேட்டா அப்பாவைக் கேள் எண்டுறியள். நான் வேறை என்னத்தைச் செய்யிறது?"

"நீ எப்பயடி என்னைக் கேட்டனி? அப்பா கேக்கச் சொன்னவர் எண்டுதானே வந்தனி. 'அம்மா, நீங்கள் என்ன நினைக்கிறியள்' எண்டு இந்த வீட்டிலை ஆர் ஒருநாள் கேட்டது?"

இத்தனை நாளாக நான் மட்டும்தான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். நாளைக்குப் படிவத்தைக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு, கத்தானியா

தனேஸ் அண்ணா போன் எடுத்து ஒரே புலம்பல். "மோட்டச்சைக்கிள் வாங்கப்போறன்" என்றானாம். அப்பா வழக்கம்போல, "அம்மாவைக் கேள்" என்றாராம்.

"அம்மா என்ன சொன்னவ?"

"வேண்டாமாம். அப்பாவைக் கேக்கத் தேவையில்லையாம்."