தாய்மாமன் சாக்ஸபோன்

நகரி
வைகாசி 20

அன்பு மகன் தமிழரசுக்கு அம்மா கிருஷ்ணம்மா எழுதுவது. நீயும் உன் சாக்ஸபோனும் கிளாரினெட்டும் சளி இருமல் இல்லாமல் நல்ல மூச்சோடு இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான், உன் அக்கா காஞ்சனா, அவள் வீட்டுக்காரர் கோவர்த்தனன் மாமா, எட்டுத் தறியில் ஏழு தறி எல்லாம் சுகம். ஓரத்துத் தறி மட்டும் மோட்டார் கெட்டுப் படுத்திருக்கிறது, ஆளுக்குச் சொல்லியிருக்கிறோம். என் பேத்தி ஸ்ரீதேவி கல்யாணம் திருப்பதியில் நடந்து முடிந்து இன்றோடு ஆறாம் நாள். போட்டோ எல்லாம் போனில் பார்த்திருப்பாய், நடந்ததை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள், எழுத்து கோணலாக இருந்தால் நிதானமாகப் படி.

உன் மேல் அக்காவுக்கு இருந்த கோபம் உனக்கே தெரியும். கல்யாணத்தன்று உங்கள் மூன்று பேர் கச்சேரி அந்த நாட்டில் வேறு ஊரில் முன்னமே ஒப்புக்கொண்டது, நான் போகாவிட்டால் டிரம் அடிக்கிற யோஸ்டும் மரிகேயும் இரண்டு பேராக நின்று என்ன செய்வார்கள் என்று நீ சொன்னாய். எனக்குப் புரிந்தது, அவளுக்குப் புரியவில்லை. தாய்மாமன் கையப் பிடிச்சிக்கினு பொண்ணு மணைக்கு வரணும், அத்த விட அவனுக்கு ஊதறது பெர்சாப் பூட்ச்சா என்று கேட்டாள். மாசி மாதத்திலிருந்து உன் பெயரைச் சொல்லவில்லை. வேறு யாரையாவது மாமன் முறைக்கு நிறுத்தலாம் என்றால் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை, வந்தா அவன் வரணும், இல்லன்னா எம்பொண்ணு தனியா நடந்து வருவா என்றாள். கோபமாக இருந்தாலும் உன் இடத்தை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொள்.

நீ ஒரே பாட்டை மூன்று தடவை வாசித்து அனுப்பி, எதை இசைத்தட்டில் போடலாம் சொல்லும்மா என்று கேட்டாயே, அதற்கு நான் பதில் சொல்லாமலே இருந்தேன். முதலில் கேட்டபோது மூன்றும் வேறு வேறு மாதிரி இருந்ததால், பிள்ளை தப்பு செய்துவிட்டுத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறான் போல என்று நினைத்தேன். எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பதில்லை, ஒருவர் வாசிப்பதைக் கேட்டு அந்த நேரத்தில் தோன்றுவதை மற்றவர் வாசிப்போம் என்று நீ சொன்ன பிறகுதான் தெரிந்தது. எனக்கு முதலாவதுதான் பிடித்தது. நூல் சுற்றிக்கொண்டே நூறு தடவை கேட்டிருப்பேன். ஏழாவது நிமிஷத்தில் நீ கன்றைத் தேடும் பசு மாதிரி இரண்டு தடவை மேலே கூப்பிடுவாய், உடனே யோஸ்ட் பிடித்து அடிப்பான் பார், அசல் கெட்டிமேளம். மூன்றாவதில் அந்த இடம் வந்ததும் ஒன்றுமே கேட்காது. கரண்டு போய் ரிக்கார்டு நின்றிருக்கும், பாவம் என்று விட்டுவிட்டேன். ஏழு தறி ஓடுகிற வீட்டில் உட்கார்ந்து கேட்டவள் நான், இதை ஞாபகம் வைத்துக்கொள்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் ஆறரையிலிருந்து ஏழரை. நாகபூஷணம் மேளக்காரர் செட்டு விடியற்காலையே நகரியிலிருந்து வேனில் கிளம்பிவிட்டது. வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு லாரி ரோட்டுக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடந்ததாம். அம்மா, முன்னாலயும் போவ முடில, பின்னாலயும் போவ முடில, நாயனத்த வெச்சிக்கினு டீக்கடையில குந்தினுகிறேன் என்று அவர் போன் செய்தபோது மணி ஆறே முக்கால். புரோகிதர் தெலுங்கில், அம்மா, முகூர்த்தம் தாட்டிபோதோந்தி, நேரம் தாண்டுகிறது என்று என்னையே பார்க்கிறார். மேளம் இல்லாமல் தாலி கட்டினால் அந்த நேரத்தில் யாராவது தும்மினாலும் காதில் விழும், ஒரு கெட்ட வார்த்தை வந்தாலும் காதில் விழும், காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள். மாப்பிள்ளை யஸ்வந்தின் அத்தை செல்லியம்மா இருக்கிறாளே, அவள் அப்போதே ஆரம்பித்துவிட்டாள், மோளம் இல்லாத கல்யாணத்த இன்னிக்கித்தான் பாக்கறேன், டிபன்னா இருக்குதா, அதுவும் லாரியில மாட்டிக்கிச்சா என்று.

அப்போது ஸ்ரீதேவி வாயைத் திறந்தாள். மாமா வாசிச்சத போடுங்க, மாமாதான் என்னக் கூட்டிக்கினு போவணும் என்றாள். காஞ்சனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கல்யாணப் பெண்ணைத் திட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, எதனா செஞ்சிக்கோங்க என்று திரும்பி நின்றுகொண்டாள். உன் மாமா தன் போனை எடுத்தார், எதம்மா என்று கேட்டார், மேலே இருக்கிறதைத் தொடு என்றேன். நம் வீட்டுப் போனில் முதலாவதுதான் மேலே இருக்கிறது. அவர் போனில் கடைசியாக வந்தது மேலே போய் உட்காரும் என்று எனக்கு என்ன தெரியும்? பெண் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், அவள் அப்பா மைக்கை அதன் மேல் பிடித்து வயரை இழுத்துக்கொண்டு கூடவே வருகிறார். மண்டபம் முழுக்க உன் சாக்ஸபோன். செல்லியம்மா, யார்னா பூனை வால மிதிச்சிட்டாங்களா என்றாள். அந்த இரைச்சலில் எந்த ரிக்கார்டு என்று எனக்கும் பிரித்துத் தெரியவில்லை. ஏழாவது நிமிஷம் வரட்டும், வாயடைத்துப் போவாய் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

பெண் மணையில் உட்கார்ந்தாள், அவசரத்தில் மந்திரம் சுருக்கமாக ஆயிற்று, தாலித் தட்டு முன்வரிசைப் பெரியவர்கள் கைக்கு மட்டும் போய்த் திரும்பி வந்தது. நான் புரோகிதர் பக்கத்தில் நின்று, நான் கையைத் தூக்கினால்தான் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். நீ ஒரு தடவை கூப்பிட்டாய், இன்னொரு தடவை கூப்பிட்டாய், நான் கையைத் தூக்கினேன், அவர் கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று கத்தினார். யோஸ்ட் அடிக்கவில்லை. மூன்றாவதைப் போட்டுவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது. யஸ்வந்த் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். ஆனால் கரண்டு போகவில்லை அரசு, ரிக்கார்டும் நிற்கவில்லை. தறி இல்லாத இடத்தில் கேட்ட பிறகுதான் தெரிந்தது, நீ ஒரே ஒரு சுரத்தைக் கீழே, ரொம்பக் கீழே, நூலிழை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாய். அறுநூறு பேர் இருந்த மண்டபம் அதைக் கேட்டுக்கொண்டு மூச்சு விடாமல் நின்றது. அந்தச் சுரம் முடிந்து, அடுத்ததற்கு மூக்கால் விசுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தாய் பார், அதுவும் மைக்கில் கேட்டது. ஸ்கூல் பேண்டில் கிளாரினெட் ஊதப் பழகும்போது இதே இழுப்புக்குத்தானே உன் அக்கா உன்னைக் கேலி செய்வாள்.

முதுகைக் காட்டி நின்ற காஞ்சனா சடாரென்று திரும்பினாள். சீர் வரிசையில் இருந்த பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தாள், பழத்தையெல்லாம் கீழே கொட்டினாள், பன்னீர்ச் செம்பால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். எந்தம்பி ஊதறான், பாத்துக்கினு நிக்கறீங்களே, அடிங்கடி என்று கத்தினாள். அவ்வளவுதான், நம் தெருப் பெண்கள் கிடைத்ததை எல்லாம் எடுத்து அடித்தார்கள். பிள்ளைகள் நாற்காலியைத் தட்டினார்கள், சமையல்காரர்கள் உள்ளேயிருந்து கரண்டியோடு வந்து அண்டாவில் அடித்தார்கள். செல்லியம்மா தன் எவர்சில்வர் டிபன் டப்பாவை மூடியால் அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். நீ மேலே போனால் இவர்கள் பலமாக அடிக்கிறார்கள், நீ இறங்கினால் இவர்களும் இறங்குகிறார்கள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தச் சத்தத்தில்தான் மூன்று முடிச்சும் விழுந்தது. தும்மல் என்ன, வெடி வெடித்திருந்தாலும் கேட்டிருக்காது.

நாகபூஷணம் வந்து சேர்ந்தபோது முதல் பந்தியில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு அந்த ரிக்கார்டைப் போடச் சொல்லிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, கீழ் சுரத்த இவ்ளோ நேரம் பிடிக்கறதுக்கு வவுறு வேணும்மா, உம்புள்ளைக்கு இருக்குது என்றார். எனக்கு அன்று சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. செல்லியம்மா போகும்போது, வளகாப்புக்கும் இதே மோளந்தானா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து சாயந்திரம் தறியையெல்லாம் நிறுத்தச் சொன்னேன். என்னம்மா பண்டிகையா என்றார்கள். மூன்று ரிக்கார்டையும் முதலிலிருந்து மறுபடி கேட்டேன், காஞ்சனாவும் வந்து உட்கார்ந்தாள். எனக்கு இன்னும் முதலாவது மேல் ஆசை இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நான் சொல்வதை விட அவள் சொல்லட்டும் என்று இந்தக் கடிதத்தின் அடியில் இடம் விட்டிருக்கிறேன்.

ஆடிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைக்கிறோம், அதற்காவது வந்து சேர். அந்த யோஸ்டையும் மரிகேயையும் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி, காரம் கம்மியாகச் சமைக்கிறேன். அந்த நாட்டுக் குளிரில் காதைக் கட்டிக்கொள். தலைக்கு எண்ணெய் வை, போட்டோவில் நெற்றி பெரிதாகிக்கொண்டே போகிறது. மூச்சும் பேரும் நீளமாக, படமாக இருக்கும் உன் நைனா ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு.

இப்படிக்கு
உன் அம்மா
ச. கிருஷ்ணம்மா

தம்பி, மூணாவதைப் போடு. தாம்பாளம் நசுங்கிப் போச்சு, ஆடிக்கு வரும்போது புதுசு வாங்கிக்கினு வா. — காஞ்சனா